ஒண்ணுமே நடக்காத சீரியல்

“பதினெட்டு எபிசோட் ஆச்சு. இன்னும் ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லிக்கலையே... என்னா பாப்பா சீரியல் இது?”

செம்மநத்தத்தில் ஒரு வீட்டில், ஒரு டிசம்பர் மாத ராத்திரியில், ஓர் அம்மா தன் மகளிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுப் படுக்கப் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டு, “சரி சரி, அடுத்ததைப் போடு” என்றார்!

ஒண்ணுமே நடக்காத சீரியலின் பத்தொன்பதாவது எபிசோடை ஒருவர் ஏன் பார்க்க வேண்டும்? அதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஊர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. செம்மநத்தம் அங்கிருந்து இன்னும் உள்ளே தள்ளி, சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஒன்று. இந்த மலை முழுக்கக் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறும் மிளகுக் கொடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்து வைத்த காப்பிதான் இன்றைக்கும் இங்கே பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது. இந்த அம்மாவும் பழம் பறிக்கப் போகிறவர்தான். மகள் சேலத்தில் டிகிரி கடைசி வருஷம், ஹாஸ்டல் வாசம், லீவுக்கு வந்திருக்கிறாள். வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. ஏற்காடு டவுனுக்குப் போகும்போதெல்லாம் யூடியூபில் நாலைந்து எபிசோட் டவுன்லோட் செய்துகொண்டு வருவாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே செல்போன், ஒரே போர்வை, ஒரே சீரியல்.

இப்போது சீரியல். ஆங்கிலத்தில் ‘மீட் யுவர்செல்ஃப்’ என்று பெயர். சீனப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘காற்று வீசும் இடத்துக்குப் போவோம்’ என்பது போல வரும். 2023 ஜனவரியில் ஹுனான் டிவியிலும் மேங்கோ டிவியிலும் வந்தது. மொத்தம் 40 எபிசோட். கதாநாயகி லியு யீஃபெய் (2020ல் வந்த டிஸ்னியின் ‘முலான்’ படத்தில் வாளெடுத்துச் சண்டை போட்டாரே, அவரேதான்). கதாநாயகன் லி ஷியான்.

கதையை ஒரு பாராவில் சொல்லிவிடலாம். பெய்ஜிங்கில் பெரிய ஹோட்டலில் வேலை பார்க்கும் ஒருத்தி. அவளுடைய உயிர்த்தோழி கணையப் புற்றுநோயில் இறந்துபோகிறாள. இரண்டு பேரும் சேர்ந்து யுனான் மாகாணத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று பேசிவைத்திருந்தது நடக்காமலே போகிறது. இவள் வேலையை விட்டுவிட்டு, அந்த ஊருக்குத் தனியாகப் போய், ஒரு கிராமத்தில் மூன்று மாதத்துக்கு அறை எடுக்கிறாள். அங்கே ஒருத்தன். அவனும் பெய்ஜிங்கில் கை நிறையச் சம்பாதித்தவன்தான், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி, ஊருக்கு ஏதாவது தொழில் கொண்டுவரலாம் என்று அலைகிறவன். அப்புறம் எம்பிராய்டரி போடும் அத்தைகள், மரம் செதுக்கும் பெரியவர், சாப்பாடு, மழை, நடை, மறுபடி சாப்பாடு. அவ்வளவுதான்! வில்லன் இல்லை. விஷம் வைக்கும் மாமியார் இல்லை. ஆக்ஸிடெண்ட் ஆகி நினைவு தப்புகிறவர்கள் யாரும் இல்லை.

அந்த ஊரின் பெயர்தான் முதல் நாளே சிரிப்பைக் கிளப்பியது. சீன உச்சரிப்பைத் தமிழில் எழுதினால் ‘தாலி’.

“எந்த ஊருக்குப் போறாளாம்?”

“தாலிக்கும்மா.”

“தாலிக்கா? எல்லாரும் தாலிக்குத்தான் போறாங்க. கழுத்தைச் சுத்தி அங்கதானே போவணும்?”

அம்மா சிரித்தார். மகளும் சிரித்தாள். ஆனால் மகள் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் நின்றுவிட்டது. காரணம் பின்னால் வருகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த சீரியல் தமிழில் டப் ஆகாமல், ஆங்கில சப்டைட்டிலோடுதான் அவளுக்குக் கிடைத்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆக, மகள்தான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். ஹீரோ, ஹீரோயின், பாட்டி, பக்கத்து வீட்டுச் சின்னப்பையன் எல்லோருக்கும் ஒரே குரல். நீளமான வசனம் வந்தால் நிறுத்தி, சொல்லி, மறுபடி ஓட்ட வேண்டும். முக்கால் மணி நேர எபிசோட் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். ஏற்கெனவே மெதுவாகப் போகிற சீரியல், இந்த வீட்டில் இன்னும் மெதுவாகப் போனது.

மெதுவாகப் போவது நமக்கென்ன புதுசா என்று கேட்கலாம். ‘கோலங்கள்’ 2003ல் ஆரம்பித்து 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல் ஓடியது. பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம். ஆனால் நீளம் வேறு, நிதானம் வேறு. நம்ம ஊர் சீரியலில் ஒவ்வொரு நாளும் ஏதாவது வெடிக்க வேண்டும். வெடித்ததற்கு ஐந்து பேர் முகத்தை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். மறுநாள் பார்த்தால் கதை அதே இடத்தில் நிற்கும். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிக்கொண்டும் இருப்பதால், ரேட்டிங் இருக்கும்வரை முடிவு வராது. சீனத் தொடர்கள் பெரும்பாலும் முழுக்க எடுத்து முடித்த பிறகே ஒளிபரப்பாகின்றன. அதற்கு மேல், 40 எபிசோடைத் தாண்ட வேண்டாம் என்று அங்கே அரசின் ஒளிபரப்புத் துறை 2020 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. இந்த சீரியல் சரியாக 40ல் நிற்கிறது. முடிவு எங்கே என்று தெரிந்தவன்தானே நிதானமாக நடக்க முடியும்? எப்போது முடியும் என்றே தெரியாதவன் இழுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அங்கே அது பிடித்துப்போனதற்கு நேரமும் ஒரு காரணம். மூன்று வருஷக் கொரோனா கட்டுப்பாடுகளைச் சீன அரசு 2022 டிசம்பரில்தான் தளர்த்தியது. அடுத்த மாதமே இந்த சீரியல். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு ஒரு மலை, ஓர் ஏரி, கதவைத் திறந்தே வைத்திருக்கும் ஒரு ஊர்... வேறென்ன வேண்டும்? அந்தப் புத்தாண்டு லீவுக்கே தாலியில் கூட்டம் அலைமோதியதாம்.

சரி, செம்மநத்தத்து அம்மாவுக்கு ஏன் பிடித்தது? மலையும் மூடுபனியும் அவருக்குப் புதிதில்லை. வாசலைத் திறந்தால் அதுதான். சொல்லப்போனால் யுனானிலும் காப்பித் தோட்டம் உண்டு. சீனாவில் விளையும் காப்பியில் ஏறக்குறைய எல்லாமே அந்த மாகாணத்துடையதுதான். மகள் இதைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “அங்க கிலோவுக்கு எவ்ளோ கூலி தராங்க?”

அவருக்குப் பிடித்தது வேறு. பதினெட்டாவது எபிசோடில் அலுத்துக்கொண்டாரே, அதற்கு அடுத்த நாள் மகள்தான் வம்புக்கு இழுத்தாள். “இதுல ஒண்ணுமே நடக்கலைன்னு சொன்னியே, அப்புறம் ஏம்மா பாக்கற?”

“நடக்கலைன்னு யாரு சொன்னா? மொதல்ல அவன் முன்னால போவான், இவ பின்னால வருவா. இப்ப பாரு, பக்கத்துல நடக்கறான். அவ நின்னா நிக்கறான். இதெல்லாம் நடக்கறதில்லையா?”

மகள் சப்டைட்டிலையே படித்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனித்திருக்கவே இல்லை. படிக்கத் தெரியாதவர் முகத்தையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

காப்பிப் பழம் பறிக்கிறவர்களுக்கு இந்தக் கண் உண்டு. மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்தால் நவம்பருக்கு மேல்தான் பழம். அதுவும் ஒரே செடியில், ஏன், ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருக்கும். சிவப்பை மட்டும் பறித்துவிட்டு, மற்றதை விட்டுவிட்டு, சில நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். அவசரத்தில் கொத்தோடு உருவினால் பச்சைக்காயும் சேர்ந்து வந்து சரக்கு கெட்டுப்போகும். ஒரு செடிக்கு மூன்று நான்கு தடவை. வெளியிலிருந்து பார்த்தால் அதே ஆள், அதே செடி, அதே வேலை. செய்கிறவருக்குத்தான் தெரியும், போன தடவை மஞ்சளாக இருந்தது எது என்று.

இந்த மாதிரி காதல் கதைகளின் ருசி அங்கேதான் இருக்கிறது. நாயகி தோழியை இழந்த துக்கத்தோடு வந்தவள். ‘அதை மறந்துவிட்டு என்னைப் பார்’ என்று யாரும் அவளை அவசரப்படுத்துவதில்லை. அவன் ரோட்டில் வழிமறிப்பதில்லை, கையை அறுத்துக்கொள்வதில்லை, நூறு முறை துரத்தித் துரத்திச் சம்மதம் வாங்குவதில்லை (நம்ம படங்களில் இதற்கு ‘உண்மையான காதல்’ என்று பெயர்). அவள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, நடந்து, சிரித்து, தானாக ஒரு முடிவுக்கு வரும்வரை கதையே காத்திருக்கிறது. பாதித் தொடர் அதற்கே போகிறது. பார்க்கிறவருக்கும் அந்த நேரம் கிடைக்கிறது. அவனை இவளுக்குப் பிடிக்கிறதா என்று அவளோடு சேர்ந்து நாமும் யோசிக்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. அந்தக் கிராமம் அநியாயத்துக்குச் சுத்தம். யாருக்கும் கடன் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் இரண்டு எபிசோடில் சரியாகிவிடுகிறது. வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் சும்மா இருக்க முதலில் கையில் சேமிப்பு இருக்க வேண்டும். ஊருக்கு வந்தவள் ஊரைப் பார்த்து மனசு ஆறுவது சரி, ஊரில் இருக்கிறவள் மனசு ஆற எங்கே போவாள்? சனி, ஞாயிறு ஆனால் ஏற்காடு ஏரியைச் சுற்றி நிற்கிற கார்களைப் பார்க்கிற பெண்ணுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மலையேறி வருகிறவர்களுக்கு இது லீவு, இருக்கிறவர்களுக்கு இது வேலை. படித்த பையன்கள் சேலத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள். சம்பளத்தை விட்டுவிட்டு மேலே ஏறி வந்த லி ஷியான் யாரையும் அவள் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்ற காரணம். மகள் லீவுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாமன் வழிச் சொந்தம். பையன் நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. தை பிறந்ததும் பேசி முடிக்கலாம் என்று அப்பாவுக்கு எண்ணம். டிகிரி எங்கே ஓடிப்போகிறது, கல்யாணத்துக்கு அப்புறமும் பரீட்சை எழுதலாமே என்று பேச்சு. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. அவளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை, சரி என்று சொல்லவும் தெரியவில்லை. அவனோடு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பாளா என்பதே சந்தேகம்.

இருபத்தி இரண்டாவது எபிசோடோ, இருபத்தி மூன்றோ. திரையில் அவன் ஏதோ கேட்டான், அவள் யோசித்து ஏதோ சொன்னாள். சப்டைட்டிலில் இருந்தது சாப்பாட்டைப் பற்றிய பேச்சு.

“என்னா சொல்றா?” என்றார் அம்மா.

மகள் நிறுத்தினாள். வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தினாள்.

“எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேணும்னு சொல்றா. படிப்பை முடிச்சிக்கறேன், அதுக்குள்ள அவனோட நாலு வார்த்தை பேசிப் பாக்கறேன், அப்புறம் சொல்றேங்கறா.”

அம்மா திரையைப் பார்த்தார். பெய்ஜிங்கில் பெரிய ஹோட்டலில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு என்ன படிப்பு பாக்கி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. இருபது எபிசோடுக்கு மேல் முகம் பார்த்தே கதை புரிந்துகொண்டவர், திரையில் அவர்கள் கையில் கிண்ணம் இருந்ததைக் கவனிக்காமலா இருந்திருப்பார்?

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “உங்கப்பனை எனக்குப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியறதுக்குள்ள ரெண்டு புள்ள பொறந்தாச்சு. பிடிச்சிருந்தது, அது என் அதிர்ஷ்டம். பிடிக்காம போயிருந்தா?”

மகள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே சில்வர் ஓக் இலைகளிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும்.

“அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். என்ன சொல்லுவாரோ தெரியாது. ஆனா பேசறேன்.” போர்வையின் ஒரு பக்கத்தை மகள் மேல் தள்ளிவிட்டார். “இப்ப அவ நெஜமா என்னா சொன்னான்னு சொல்லு.”

“சாப்பாடு நல்லாருக்குன்னு சொன்னாம்மா.”

“அதான பாத்தேன். போடு, போடு.”

இன்னும் பதினேழு எபிசோட் பாக்கி இருந்தது.