துஞ்சினார் என்னும் சொல்

அடுகோடியிலிருந்து ஓசூர் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், சாந்தி நகரை ஒட்டியுள்ள கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தைக் கடக்காமல் நகரின் நடுப்பகுதியை அடைவதில்லை. ஆண்டின் பிற நாள்களில் அந்த மதிற்சுவர் யார் கண்ணிலும் படுவதில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மட்டும் அதன் வாயிலில் பூவும் மெழுகுவத்தியும் குவிகின்றன. சாவின் இடத்தைக் குறிக்கும் சொல்லோடு ‘திருநாள்’ என்பதைச் சேர்த்துச் சொல்லத் தமிழ்க் கிறித்தவர்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது?

‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று சீர்திருத்தச் சபையார் சொல்வர். கத்தோலிக்கர் ‘நித்திய இளைப்பாற்றி’ வேண்டிச் செபிப்பர். இரண்டிலும் இறந்தவர் ஓய்வில் இருக்கிறார். இவ்வழக்கு தமிழுக்குப் புதிதன்று. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு என இலக்கணம் பயின்ற எவரும் அறிவர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று சங்க கால அரசனின் பெயரிலேயே அவன் சாவு உறக்கமாகப் பதிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ‘செமெட்ரி’ என்பதும் ‘உறங்குமிடம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே.

ஆனால் மங்கல வழக்கின் வேலை மறைப்பது. நேரே பார்க்க இயலாத ஒன்றின்மீது அது ஒரு துணியைப் போர்த்துகிறது. கிறித்தவ நம்பிக்கை தரும் ஆறுதலும் அத்தகைய போர்வைதானா என்பது, உற்றாரைப் பறிகொடுத்தவர் முன் நிற்கும் உண்மையான கேள்வி. ‘விசுவாசி அழலாமா?’ என்று இழவு வீட்டில் கேட்பவர்கள் அதைப் போர்வையாகவே பயன்படுத்துகிறார்கள். கேட்கப்பட்டவர் அழுகையை விழுங்குகிறார். துயரத்தோடு, தம் விசுவாசம் போதவில்லையோ என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரம் இதற்கு நேர்மாறானது. லாசரு உறங்குகிறான் என்றே இயேசு முதலில் சொல்கிறார். சீடர்கள் அதை இயல்பான தூக்கம் என எண்ணியதும் மங்கலச் சொல்லை விட்டுவிட்டு, அவன் இறந்துவிட்டான் என வெளிப்படையாகக் கூறுகிறார். ‘நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்கமாட்டானே’ என்ற பொருளில் சகோதரிகள் இருவரும் குறைபட்டுக்கொள்கின்றனர். அதற்காக அவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அழுகிறார். பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் துயரத்தைத் தடுக்கவில்லை; நம்பிக்கையற்றவர்களைப் போலத் துயருறுவதையே தடுக்கிறார். அழுகைக்கும் நம்பிக்கைக்கும் அங்கே பகையில்லை.

தமிழர் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை; ‘போய்வருகிறேன்’ என்பர். இழவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லாமலே எழுந்து செல்வர். சாவின் முன் மொழி தன் ‘வருகிறேன்’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. உயிர்த்தெழுதலை நம்புபவர் அந்தச் சொல்லை மீண்டும் கேட்கிறார். ‘நித்திரை’ என்றால் விழிப்பும் உண்டு. பழைய சொல்தான், ஆனால் மறைப்பதற்காகச் சொன்னது இப்போது காத்திருப்பதற்காகச் சொல்லப்படுகிறது.

காத்திருப்பது தனியொருவரால் இயலும் செயலன்று. 2020 மே மாதப் பொதுமுடக்க விதிகளின்படி இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூட அனுமதியில்லை. அடக்க ஆராதனையின் சொற்கள் மாறவில்லை. அவற்றைச் சேர்ந்து சொல்லும் குரல்கள் குறைந்தன. ஆறுதல் என்பது கோட்பாட்டில் மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்கும் தோளிலும் இருக்கிறது என்பதை அந்த மாதங்கள் கற்பித்தன.

1858இல் கிறித்தவரான நெல்லைப் புலவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றினார்; 1894இல் அது நூலாக வெளிவந்தது. பனியனின் மூலக்கதையில், மோட்ச நகருக்கு முன்னே பாலமில்லாத ஆறு ஒன்று ஓடுகிறது. அதுவே மரணம். வழியெல்லாம் போராடி வந்த பயணி அதில் இறங்கியதும் அஞ்சி மூழ்குகிறான். அவனுடைய விசுவாசம் அந்த நேரத்தில் அவனைத் தாங்கவில்லை. உடன் வந்த தோழன்தான் அவன் தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான். தோழனின் பெயரோ நம்பிக்கை.

கல்லறைத் திருநாளின் மாலையில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. ஒரு கல்லறையின் மெழுகுவத்தி அணைந்தால் அடுத்த கல்லறைக்கு வந்தவர் தம் சுடரை நீட்டுகிறார். அழுபவரை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. இருட்டியபின் குடும்பங்கள் ஓசூர் சாலையின் இரைச்சலுக்குள் திரும்பி நடக்கின்றன. இழவு வீட்டில் சொல்லக் கூடாததைக் கல்லறையிடம் சொல்லிவிட்டுப் போகலாம்: வருகிறோம்.