பனிக்கும் ஒரு 90 அடி

ஸ்ரீரங்கம், 22 பிப்ரவரி 2025, சனி

மத்திய அரசின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் இரண்டாம் கட்டம் இன்று குல்மார்க்கில் தொடங்கியிருக்க வேண்டும். லடாக்கில் உறைந்த பனிக்கட்டி மேல் ஆடும் ஆட்டங்கள் ஜனவரி 23 முதல் 27 வரை நடந்து முடிந்துவிட்டன. ஸ்கீயும் ஸ்னோபோர்டும் இன்று முதல் 25 வரை காஷ்மீரில் என்பது ஏற்பாடு. பனி போதவில்லை என்று ஒத்திவைத்துவிட்டார்கள். 'சில்லை கலான்' என்று காஷ்மீரிகள் சொல்லும் கடுங்குளிரின் 40 நாட்கள் டிசம்பர் 21இல் தொடங்கி ஜனவரி இறுதியில் முடிகின்றன. அப்போது விழுகிற பனிதான் கரையாமல் இறுகிக் கிடந்து அடித்தளமாகும். பிப்ரவரியில் விழுவது மேல்பூச்சு மட்டுமே. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் புல்லும் மண்ணுமாகக் கிடந்த படங்கள் நாடெங்கும் சுற்றின. பிப்ரவரியில் பிந்தி வந்த பனி அந்த ஆண்டுப் போட்டியைக் காப்பாற்றியது. இந்த முறை அந்தப் பிந்திய பனியும் தேதிக்குள் வரவில்லை.

காவிரிக் கரையில் இருப்பவனுக்குக் காஷ்மீரத்துப் பனி எதற்கு என்று கேட்டால் சின்ன பதில் ஒன்றும் பெரிய பதில் ஒன்றும் உண்டு. கேலோ இந்தியா நம் வரிப்பணத்தில் நடக்கிறது. அதன் இளையோர் விளையாட்டை 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, கோவையோடு நம் திருச்சியும் நடத்தியது. இது சின்ன பதில். வானம் தருவதை நம்பி ஒரு நாளைக் குறித்துவிட்டு அண்ணாந்து பார்த்திருக்கும் பாடு டெல்டாவைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஜூன் 12 மேட்டூர் திறப்பு நாள் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாள் எத்தனையோ ஆண்டு தவறிப்போனதும் தெரியும். பெரிய பதில் இதுதான்.

முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஒத்திவைத்தது சரி. நாளிதழ்ச் செய்தி "போதிய பனி இல்லை" என்கிறது; எவ்வளவு இருந்தால் போதும் என்று அதில் இல்லை. என் குறை அங்கேதான். ஒத்திவைத்தது ஏன் சரி என்பதை முதலில் சொல்கிறேன். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருக்கும். வேகமாக இறங்கும்போது திரும்புவதும் நிற்பதும் பலகை ஓரத்து எஃகு விளிம்பு பனியைக் கீறிப் பிடிப்பதால்தான் நடக்கிறது. பிடிக்கப் பனி இல்லாமல் கீழே கல்லோ வேரோ இருந்தால் பலகை அங்கேயே நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். முழங்கால் ஆழத்துக்கு விழுந்த புதுப்பனியும் இயந்திரம் ஏறி அழுத்திய பிறகு ஒரு சாண் தேறினால் அதிகம். ஆகவே சுற்றுலாப் பயணி புகைப்படத்தில் வெள்ளையாகத் தெரிகிற மலை பந்தயத்துக்கு உதவாத மலையாக இருக்கலாம். ஆபத்து ஒரு பக்கம். பந்தயத்தின் நியாயம் இன்னொரு பக்கம். முதலில் இறங்குகிறவருக்குக் கிடைக்கும் தளம் முப்பதாவது ஆளுக்கும் ஏறக்குறைய அப்படியே கிடைத்தால்தான் அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை ஒப்பிட முடியும். மெல்லிய பனியில் நான்கு பேர் இறங்கினாலே தடம் பள்ளமாகிவிடும். அதற்குப் பிறகு கடிகாரம் காட்டுவது வீரரின் திறமையை அல்ல, குலுக்கலில் அவருக்கு விழுந்த வரிசை எண்ணை.

24 பிப்ரவரி, திங்கள்

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போவது சரியில்லை. இயற்கையை எதிர்கொள்வதுதானே விளையாட்டு, வெயிலில் மாரத்தான் ஓடுகிறார்கள், மழையில் கால்பந்து ஆடுகிறார்கள், பனி குறைந்தால் மட்டும் பின்வாங்குவதா என்பது முதல் வாதம். இதற்கு 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ஸே பதில். அந்தப் பிப்ரவரி 11இல் பலத்த காற்றால் ஆண்களுக்கான டவுன்ஹில் ஸ்கீ பந்தயத்தை ஒத்திவைத்தார்கள். 12ஆம் தேதி பெண்களுக்கான ஜயன்ட் ஸ்லாலமும் ஒத்திவைக்கப்பட்டது. அதே நாள், அதே காற்றில், மேடுகளில் தாவி வித்தை காட்டும் ஸ்னோபோர்டு ஸ்லோப்ஸ்டைல் வகையில் பெண்களுக்கான இறுதிப் போட்டியை மட்டும் நடத்தினார்கள். 25 பேர், ஆளுக்கு இரண்டு வாய்ப்பு, ஆக 50 ஓட்டம். அவற்றில் 41 விழுந்தோ பாதியில் கைவிட்டோ முடிந்தன. அமெரிக்காவின் ஜேமி ஆண்டர்சன் தங்கம் வென்றார். அவர் திறமையில் சந்தேகமில்லை. ஆனால் மற்றவர்களின் திறமையைப் பற்றி அந்த இறுதிப் போட்டி நமக்கு எதையும் சொல்லவில்லை. வானிலை கெட்டபோது ஒரு விளையாட்டுக்கு ஒத்திவைப்பும் இன்னொன்றுக்குத் துணிச்சலும் என்றால் அங்கே வீரம் எதுவும் இல்லை. தொலைக்காட்சி நேரமும் நெருக்கடியான அட்டவணையும்தான் முடிவெடுத்திருக்கின்றன என்று எண்ணத் தோன்றுகிறது.

சரி, வீரர்களே முடிவு செய்யட்டுமே, வேண்டாம் என்பவர் விலகட்டும் என்பது அடுத்த வாதம். 2014 சோச்சி ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஸ்னோபோர்டு வீரர் ஷான் வைட் காயம் ஏற்படும் அபாயத்தைச் சொல்லி ஸ்லோப்ஸ்டைலிலிருந்து விலகினார். அவரிடம் ஏற்கெனவே இரண்டு ஒலிம்பிக் தங்கம் இருந்தது. விலகினாலும் பேர் போகாது. முதன்முறை மாநில அணியில் இடம்பிடித்து, அந்தச் சான்றிதழால் ஒரு வேலைக்கு வழி பிறக்கும் என்று நம்பி வந்த பதினெட்டு வயதுப் பிள்ளை விலகுமா? பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் நிற்கிறவர் இறங்கத் தயாராக இருக்கிறார். விலகும் உரிமை என்பது பெயர்பெற்றவருக்கு மட்டும் கிடைக்கிற சலுகை. அதனால் முடிவெடுக்கும் பாரத்தை அமைப்பாளர்தான் சுமக்க வேண்டும்.

2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸின் சைப்ரஸ் மலையை இங்கே சொல்லாமல் விட முடியாது. மழையும் சூடுமாகப் பனி கரைந்துபோக, ஸ்னோபோர்டு தளத்துக்கு லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனி கொண்டுவந்து, வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேலே கொட்டி நிரவினார்கள். ஆட்டக்களம் எப்படியோ தேறிவிட்டது. ஆனால் நின்று பார்க்கிற ரசிகர்களுக்கான இடம் நிற்கத் தகாததாகி, 28,000 டிக்கெட்டுகளை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பந்தயம் நடந்தது, பார்வையாளர்கள் ரத்தானார்கள்! ஒரு பணக்கார நாடு ஒலிம்பிக்ஸுக்காக இவ்வளவும் செய்யலாம். ஆண்டுதோறும் நடக்கிற ஒரு தேசியப் போட்டிக்கு இது வழியாகாது.

இயந்திரத்தால் பனி செய்துகொள்ளலாமே என்பார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் ஏறக்குறைய முழுக்கச் செயற்கைப் பனியில்தான் நடந்தது. அந்த இயந்திரம் நீரைத் துளியாக்கிக் குளிர்ந்த காற்றில் பீய்ச்சுகிறது. துளி தரையில் விழுமுன் உறைய, காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஈரப்பதமும் குறைந்திருக்க வேண்டும். பனியைக் கரைக்கிற சூடு இயந்திரத்தையும் முடக்கும். உத்தராகண்டின் அவுலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டையொட்டி அமைத்த இயந்திரங்கள் இருந்தும், 2018 ஜனவரியில் அங்கே நடக்கவிருந்த சர்வதேசப் பனிச்சறுக்குப் பந்தயம் பனி இல்லாமல் கைவிடப்பட்டது. இயந்திரம் குளிரைக் கொண்டுவராது.

9 மார்ச், ஞாயிறு

குல்மார்க்கில் இன்று போட்டி தொடங்கியிருக்கிறது. 12ஆம் தேதி வரை. பிப்ரவரி கடைசி வாரத்தில் மேற்கிலிருந்து வந்த காற்றழுத்தத் தாழ்வு மலையெங்கும் பனியைக் கொட்டிவிட்டுப் போனது. எல்லாம் நல்லபடி முடிகிறதே, இன்னும் என்ன குறை என்று கேட்கத் தோன்றும். பனி வந்தது நல்வாய்ப்பு. அதை நிர்வாகத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது. அது வராமல் போயிருந்தால் இந்த ஆண்டுப் பதக்கப் பட்டியலில் ஸ்னோபோர்டு இருந்திருக்காது.

ஒத்திவைப்பின் செலவு யார் தலையில் விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு பிப்ரவரி 15இல் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 முதல். பிப்ரவரி 22ஐ நம்பி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துகொண்ட மாணவர், மார்ச்சில் பரீட்சையா பந்தயமா என்று நிற்கிறார். ரயில், விமான டிக்கெட்டை மாற்ற வசதி உள்ளவர் மாற்றிக்கொள்வார். குல்மார்க்கில் குதிரைக்காரர்களும் சறுக்குவண்டி இழுப்பவர்களும் அந்த நான்கு நாள் வருமானத்தை எண்ணியிருந்தவர்கள். தேதி தள்ளிப்போனதால் யாரும் அவர்களுக்கு ஈடு கொடுக்கப்போவதில்லை. மார்ச் வெயிலில் காலை இறுகியிருக்கும் பனி நண்பகலில் கூழாகிவிடும் என்பதால் போட்டி நேரமும் சுருங்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஒத்திவைத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இப்படி நடக்கலாம் என்பது அக்டோபரிலேயே எல்லோருக்கும் எழுத்தில் தெரிந்திருந்தால் மாணவர் மாற்று ஏற்பாடு செய்திருப்பார், குதிரைக்காரர் முன்பணம் வாங்காமல் இருந்திருப்பார்.

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடி 18

மேட்டூர் ஜூன் 29இலேயே 120 அடியைத் தொட்டுவிட்டதால் காவிரி இந்த ஆடிப்பெருக்குக்குக் குறை வைக்கவில்லை. அம்மா மண்டபப் படிகளில் வாழையிலை விரித்து, மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்து, புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிற கூட்டம். ஆறு வறண்ட ஆண்டுகளில் இதே படித்துறையில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஷவரில் விட்டு மக்களைக் குளிக்கவைத்ததும் உண்டு. 2024இல் எதிர்மாறு: வெள்ளம் கரைபுரண்டு, கொள்ளிடத்தில் உயர் அழுத்த மின்கோபுரமே சாய்ந்தது. 2020லும் 2021லும் கொரோனாவால் படித்துறைக்கே தடை. ஆனாலும் ஆடிப்பெருக்கு எந்த ஆண்டும் நடக்காமல் போகவில்லை. வீட்டுக் குழாயடியில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தும் கும்பிட்டார்கள். வழிபாட்டுக்கு நம்பிக்கை போதும், நீர் ஒரு சொம்பு இருந்தாலும் நிறைவேறிவிடும். பந்தயம் அப்படியல்ல. அது ஓர் அளவீடு. அளக்கும் தளம் கெட்டால் அங்கே அளப்பதற்கு ஒன்றுமில்லை. எதையாவது செய்து நடத்திவிடலாம் என்ற மனப்பாங்கு ஆடிப்பெருக்குக்குப் பெருமை, ஸ்னோபோர்டுக்குக் கேடு.

பந்தயத்துக்கு நாம் படிக்க வேண்டியது படித்துறையில் இல்லை, அணையில் இருக்கிறது. மேட்டூரில் 90 அடிக்கு மேல் நீர் இருந்தால் ஜூன் 12இல் திறப்பு என்ற வழக்கு நெடுங்காலமாக நிற்கிறது. நீர்மட்டம் நாள்தோறும் பேப்பரில் வருகிறது. லால்குடியில் நாற்றங்கால் விடுகிறவர் மே மாதத்திலேயே அந்த எண்ணைப் பார்த்து, குறுவையா, சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று தீர்மானிக்கிறார். 2024இல் ஜூன் 12 தவறியது. ஜூலை 28இல் திறந்தார்கள். ஏமாற்றம்தான், ஆனால் அதிர்ச்சி இல்லை. பனி விளையாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. உலகக் கோப்பைப் பந்தயங்களுக்குச் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஆள் அனுப்பித் தளத்தைச் சோதித்து, நடக்கும் அல்லது நடக்காது என்று பகிரங்கமாக அறிவிக்கிறது. செர்மாட்–செர்வினியாவில் சுவிஸ், இத்தாலி எல்லையைத் தாண்டி இறங்கும் டவுன்ஹில் பந்தயம் 2022இல் பனி இல்லாமலும், 2023இல் பனியும் காற்றும் மிஞ்சியும் ஒருமுறைகூட நடக்கவில்லை. பிறகு அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இவ்வளவு பணம் போட்டுவிட்டோமே என்று யாரும் தயங்கவில்லை.

இப்படி எண்ணை எழுதிவைத்தால் கைகள் கட்டுப்பட்டுவிடும், மலையில் நிற்கிற நிபுணரின் கண்ணுக்கு மதிப்பில்லாமல் போகும் என்பது கடைசி எதிர்வாதம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அரை அடிப் பனியும் நல்ல குளிரில் தாங்கும், இரண்டடிப் பனியும் மழை பெய்தால் தாங்காது. ஆனால் மேட்டூர் வழக்கும் இரும்பு விதியல்ல. 2022இல் நீர் நிறைய இருந்ததால் மே 24இலேயே திறந்தார்கள். அது சீக்கிரமா, சரியா என்று டெல்டா முழுக்க விவாதம் நடந்தது. அப்படி விவாதிக்க முடிந்ததற்குக் காரணம், விலகல் எங்கே என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதான். நிபுணர் எண்ணை மீறலாம். மீறினால் காரணம் சொல்ல வேண்டியவராகிறார். எண்ணே இல்லாத இடத்தில் அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்திய விளையாட்டு ஆணையம் அடுத்த குளிர்காலப் போட்டிக்கான அறிவிப்பை வெளியிடும்போது தேதிக்குக் கீழே இன்னும் நான்கு வரி சேர்த்தால் போதும்: அழுத்திய பிறகு தளத்தில் குறைந்தபட்சம் எத்தனை சென்டிமீட்டர் பனி இருக்க வேண்டும், எந்த நாளில் அளப்பார்கள், அளந்து முடிவு சொல்பவர் யார், போட்டி தள்ளிப்போனால் வீரரின் பயணச் செலவை யார் ஏற்பார்கள். அந்த நான்கு வரியையும் அக்டோபருக்குள் அச்சிட்டுத் தாருங்கள். பிறகு பனி வராமல் நீங்கள் ரத்து செய்தாலும் உங்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயிருக்காது.