ராஜ வீதியில் ரெண்டு சர்ச்!

வீக் எண்டுக்கு ஊர் தேடுறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? மயிலாடுதுறையில் பஸ் ஏறி தரங்கம்பாடியில் இறங்குங்க. 1620-ல் டென்மார்க்காரங்க வந்து கோட்டை கட்டின ஊர். கோட்டை முன்னாடி போட்டோ எடுத்தாச்சா? அப்படியே ராஜ வீதிக்கு வாங்க. இங்கே ரெண்டு பழைய சர்ச் இருக்கு. ரெண்டையும் கட்டினது லுத்தரன் கிறிஸ்தவர்கள்தான். அப்புறம் எதுக்கு ரெண்டு?

சீயோன் சர்ச், 1701-ல் இங்கே குடியேறிய டேனிஷ்காரங்க தங்களுக்காகக் கட்டிக்கிட்டது. அவங்க வந்தது வியாபாரத்துக்கு. 1706-ல் டென்மார்க் ராஜா அனுப்பி வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்கு நம்ம சீனியர்ஸ் வயசுதான் இருக்கும். வந்ததும் தமிழ் படிச்சார், ஊர் மக்களோட பழகினார். கோட்டை கமாண்டருக்குப் பிடிக்கலை. ஒரு விதவையோட கடன் வழக்கில் பரிஞ்சு பேசப்போய், 1708-ல் அதே கோட்டையில் நாலு மாசம் சிறை! அடைச்சது அவர் மதத்துக்காரங்களேதான்.

மனுஷன் அசரலை. அச்சகம் போட்டு 1715-ல் தமிழ் புதிய ஏற்பாட்டை முடிச்சார். தமிழ் சபைக்கு முதல்ல கட்டின சர்ச்சை கடல் கொண்டுபோச்சு. 1718-ல் புதிய எருசலேம் சர்ச் எழுந்தது. முகப்பில் டேனிஷ் ராஜாவோட கிரீடச் சின்னம் தெரியும், பாருங்க. அடுத்த வருஷமே, 36 வயசில் சீகன்பால்கு இறந்தார். கல்லறை உள்ளேயே இருக்கு.

1845-ல் டென்மார்க் இந்த ஊரை இங்கிலீஷ்காரங்ககிட்ட வித்துட்டுப் போயிடுச்சு. புதிய எருசலேமில் தமிழ் ஆராதனை இன்னிக்கும் நடக்குது. ஞாயிறு காலையில் போனா நீங்களே கேட்கலாம்!