'பயன்படாத' ஃபைலில் ஒரு பாட்டியின் குரல்

ஒரு மணி நேரம் ஸ்டீரியோவில் வேவ் ஃபைலாகப் பதிவு செய்தால் சுமார் 600 எம்பி காலி. பாட்காஸ்ட்டுக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, மூன்றே மாதத்தில் என் லேப்டாப் 'இடமில்லை' என்று கையை விரித்துவிட்டது.

நான் எடிட் செய்வது ரீப்பரில். அதன் ஃபைல் மெனுவில் 'கிளீன் கரன்ட் ப்ராஜெக்ட் டைரக்டரி' என்று ஒரு வசதி உண்டு. ப்ராஜெக்ட்டில் பயன்படாத ஃபைல்களைப் பட்டியல் போட்டுக் காட்டும், வேண்டாததை நீக்கலாம். நல்ல வசதிதான், பட்டியலைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு.

எனக்கு வந்த பட்டியலில் நான்கு ஃபைல்கள் திருமயம் பக்கத்தில் ஒரு பாட்டியிடம் எடுத்தவை. எபிசோடில் அவர் பாட்டு நான்கு நிமிடம்தான். வரி மறந்து "இரு கண்ணு" என்று யோசித்தது, வெத்தலை இடித்தது, மருமகளைத் திட்டியது எல்லாம் டைம்லைனுக்கு வெளியே போயிருந்தன. சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது டைம்லைன் மட்டும். அதன் கணக்கில் அவை 'பயன்படாதவை'.

பாட்டி இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் மகள் போனில் கேட்டதும் அதைத்தான். "பாட்டு இருக்கு, கேட்டோம். அம்மா சும்மா பேசுனது ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

இதே மாவட்டத்துக் குடுமியான்மலையில், 7 அல்லது 8-ம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்வரங்களைப் பாறையில் வரிவரியாக வெட்டியிருக்கிறார்கள். அதைப் பாடியவரின் குரல் எப்படி இருந்திருக்கும்? யாராலும் சொல்ல முடியாது.

நீங்களும் ரெக்கார்டிங் செய்பவர் என்றால் சில விஷயங்கள். இரண்டு ப்ராஜெக்ட்டுகளை ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால் இந்த கிளீனிங் பக்கமே போகாதீர்கள். திறந்திருக்கும் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டாதது பக்கத்து ப்ராஜெக்ட்டுக்கு உயிராக இருக்கும். முதலில் மொத்த ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பிறகு, பட்டியலில் வரும் ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேளுங்கள். ரீப்பர் தானாக வைக்கும் ஃபைல் பெயர்களைப் பார்த்தால் எது பாட்டு, எது இருமல் என்று தெரியாது. நீக்கும்போது ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உடனே காலி செய்ய வேண்டாம்.

ஆடாசிட்டிக்காரர்களுக்கு வேறு கதை. 2021-ல் வந்த 3.0-க்கு முந்தைய பதிப்புகளில், ப்ராஜெக்ட் பெயருடன் 'டேட்டா' என்று முடியும் ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே குட்டிக் குட்டியாக நூற்றுக்கணக்கான ஃபைல்கள். பார்க்கக் குப்பை மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒலி முழுக்க அதில்தான். பழைய ப்ராஜெக்ட் வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். புதிய பதிப்பில் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் வந்துவிட்டது.

அந்த நான்கு ஃபைல்களையும் எம்பி3 ஆக்கினேன். மருமகளைத் திட்டிய பகுதியை அனுப்பலாமா என்றுதான் கொஞ்சம் தயக்கம். மகளிடமே கேட்டேன், "எல்லாத்தையும் அனுப்புங்க" என்றார். மூன்று தடவை போட்டுக் கேட்டது அந்த மருமகள்தானாம்.