பார்க்காததற்கு இட்ட கையொப்பம்

எங்கள் பங்கின் கிழக்கெல்லையில் மாத்திரை தயாரிக்கும் ஆலை ஒன்று இருக்கின்றது. நான் இப்பங்கிற்கு மாற்றலாகி வந்த ஆண்டில் அதற்கு ஒரே கட்டடம். ஆட்களை ஏற்றிவர இரண்டு பேருந்துகள். ஏழு ஆண்டுகளுக்குள் கட்டடங்கள் நான்காயின, பேருந்துகள் பதினொன்றாயின. ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வரும் இளைஞர் பலர் இரவு வேலை முடிந்து நேரே கோவிலுக்கு வருகிறவர்கள். மறையுரையின்போது அவர்கள் கண்ணயர்ந்தால் நான் கடிந்துகொள்வதில்லை. குற்றம் முழுவதும் என் மறையுரையினுடையதன்று என்று எண்ணி ஆறுதல் அடைவேன்.

வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் அந்த ஆலையைப் பற்றிய பேச்சே எழும். பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் பெண்கள், உள்ளே நுழையுமுன் பூ, பொட்டு, வளையல், கைக்கடிகாரம் யாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, முகத்தில் பவுடர் கூட இல்லாமல், தலை முதல் பாதம் வரை வெள்ளையுடை போர்த்திச் செல்வதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். "கன்னியர் மடத்தில் சேர்ந்தாற்போல இருக்கிறது, சாமி" என்றாள் ஒருத்தி. அவளுடைய சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஓலை வேய்ந்த வீடு தளம் போட்ட வீடாயிற்று. அந்த ஆலை வந்ததால் எங்கள் ஊருக்கு விளைந்த நன்மையை மறைத்துப் பேசுவது நன்றிகேடாகும்.

ஆயினும் வேகமாக வளரும் இடத்தில் வேலை செய்வோர்க்கென்று ஒரு தனிச் சுமை உண்டு. இயந்திரங்களை விலைக்கு வாங்கிவிடலாம். பழகிய கைகளை அவ்வாறு வாங்க முடியாது. மூன்று மாதம் அருகில் நின்று கற்க வேண்டியதை மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டு பையன்கள் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் இன்று மற்றொருவனுக்குக் கற்பிக்கிறான். அனுப்ப வேண்டிய சரக்கின் அளவோ மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகின்றது.

2024ஆம் ஆண்டில் ஒரு மாலை, அவ்வாலையில் மாத்திரை அச்சிடும் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் பங்களாத் திண்ணைக்கு வந்தான். (அவன் கூறியது ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று, அவனுடைய இசைவு பெற்றே எழுதுகிறேன்.) மருந்து ஆலையில் ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. எந்த வேலையை எப்போது செய்தார்கள் என்பதை அந்தந்த வேளையிலேயே அதில் எழுத வேண்டும். செய்தவர் ஒரு கையொப்பமும், சரிபார்த்தவர் ஒரு கையொப்பமும் இட வேண்டும். பிழையாக எழுதிவிட்டால் அழிக்கலாகாது. எழுதியது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, அருகில் கையொப்பமும் தேதியும் இட வேண்டும்.

இவனுடைய பிரிவில் அரைமணிக்கு ஒருமுறை இருபது மாத்திரைகளை எடுத்து நிறுத்து எழுத வேண்டும். முந்திய இரவு பக்கத்து இயந்திரத்து ஆள் வரவில்லை. இரண்டையும் இவனே கவனித்தான். இரண்டு மணி நேரம் ஒன்றையும் நிறுக்கவில்லை; பதிவேட்டில் நான்கு கட்டங்கள் வெறுமையாய் இருந்தன. விடியற்காலையில் மேற்பார்வையாளர் வந்து, "முன்னாலும் பின்னாலும் உள்ள எடையைப் பார்த்து நடுவில் நிரப்பிவிடு; ஏழு மணிக்கு இது அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்" என்றார். இவன் நிரப்பினான். அவர் சரிபார்த்ததாகக் கையொப்பமிட்டார்.

"நான் செய்தது பாவமா, சாமி?" என்று கேட்டான்.

அவன் வீட்டை நான் அறிவேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் தகப்பனார். படிப்புக்கு வாங்கிய கடன். நிச்சயமாகியிருந்த தங்கையின் திருமணம். "மேலதிகாரி சொன்னார், செய்தாய், பொறுப்பு அவருடையது. மாத்திரை சரியாகத்தான் இருந்திருக்கும். மனத்தை அலட்டிக்கொள்ளாதே, தம்பி" என்று கூறி அனுப்பிவிட்டேன். பிறர் ஏவியதால் பொய் மெய்யாகிவிடாது என்று குருமடத்தில் அறநெறிப் பாடத்தில் படித்தவன் நான். அன்று அந்தப் பாடம் என் நாவிற்கு வரவில்லை. இரக்கம் என்று நான் எண்ணியது முந்திக்கொண்டது.

வளர்ச்சியைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. மருந்துப் பொருளுக்கன்றி அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை என்று நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2005இல் அது மாற்றப்படும் வரை, அந்த இடைவெளியில் நம் மருந்து நிறுவனங்கள் ஓங்கி வளர்ந்தன. மேனாடுகளில் ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்துக் கூட்டை, 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதனால் பிழைத்த ஏழைகள் பலர். அதே வளர்ச்சியின் மறுபக்கத்தையும் பார்த்தோம். ரான்பாக்சி நிறுவனத்தில் பணியாற்றிய தினேஷ் தாக்கூர், சோதனைக் கணக்குகள் பொய்யாகப் புனையப்படுவதைக் கண்டு, வேலையைத் துறந்து அதனை வெளிப்படுத்தினார். 2013இல் அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அங்கும் கேடு புகுந்த வழி, செய்யாததைச் செய்ததாக எழுதிய ஏடுதான்.

2025 அக்டோபரில் நாடே கலங்கியது நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிறிய ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு கலந்திருந்ததை நம் மாநில ஆய்வகம் கண்டறிந்தது. அதனைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் கெட்டு மாண்டன. அச்செய்தி வந்த வாரம் அத்தம்பி மீண்டும் திண்ணைக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

"நான் எழுதிய எண்கள் ஒருவேளை சரியாகவே இருந்திருக்கலாம், சாமி. ஆனால் எனக்குத் தெரியாதே. தெரியாததைத் தெரியும் என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன். யார் வீட்டில் யார் விழுங்கினார்களோ!"

இம்முறை நான் விரைந்து ஆறுதல் சொல்லவில்லை. என்னுடைய கதை ஒன்றைச் சொன்னேன். இளங்குருவாயிருந்தபோது திருவிழா நாளொன்றில் ஏழு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தேன். பதிவேட்டில் அன்றே எழுதாமல், ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதிக் கையொப்பமிட்டேன். இரு குழந்தைகளின் பிறந்த தேதிகள் மாறிப்போயின. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் திருமணத்திற்குச் சான்று கேட்டு வந்த பெண், என் பிழையால் ஆயர் இல்லத்திற்கு மூன்று முறை அலைய நேர்ந்தது. "நான் முன்பு உனக்குச் சொன்னது தவறு, தம்பி. மன்னித்துக்கொள்" என்றேன்.

மறுநாள் அவன் தர உறுதிப் பிரிவின் தலைவரிடம் சென்று நடந்ததை எழுதிக் கொடுத்தான். ஒவ்வொரு தொகுதியிலும் எடுத்துவைக்கும் மாதிரிகளை வெளியே எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். எடை சரியாகவே இருந்தது. "இதற்குத்தானா இவ்வளவு ஆரவாரம்?" என்று மேற்பார்வையாளர் ஏளனம் செய்தாராம். தம்பியைச் சரக்குக் கிடங்கிற்கு மாற்றினார்கள். அவ்வாண்டின் சம்பள உயர்வும் கிடைக்கவில்லை. தங்கையின் திருமணக் கடன் இன்னும் நிற்கின்றது. ஆனால் இரவில் இரண்டு இயந்திரத்திற்கு ஒருவர் என்ற வழக்கம் அப்பிரிவில் நின்றுவிட்டதாகப் பூசைக்கு வரும் மற்றப் பையன்கள் சொல்கிறார்கள்.

"வருத்தமாயிருக்கிறதா?" என்று அவனைக் கேட்டேன்.

"சம்பளத்தை நினைத்தால் வருத்தந்தான், சாமி. ஆனால் அந்த மாத்திரை சரியாயிருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது" என்றான்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய ஆலைக்குச் செல்லும் மகனோ மகளோ இருக்கலாம். இரவு வேலை முடிந்து வரும் பிள்ளையிடம் சம்பளத்தையும் மிகைநேரப் படியையும் கேட்கிறோம். மனத்தில் ஏதேனும் உறுத்துகிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்கினால், நான் முதன்முறை செய்ததுபோல் அவசரப்பட்டு ஆறுதல் கூறிவிடாதீர்கள்.