துவைப்பவர் யார்?

கல்லூரி மாணவர்கள் காசு கொடுத்துத் துணி வெளுத்துக்கொள்ளலாமா? அற்பமான கேள்வி என்று நண்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். தண்டையார்பேட்டையில் குடியிருந்து, வண்ணாரப்பேட்டை வழியாக நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் எனக்கு அதை அப்படி ஒதுக்க இயலவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கோராவாக வாங்கிய துணியைக் கப்பலேற்றுமுன் வெளுத்தாக வேண்டியிருந்தது. அதற்காகக் கோட்டைக்கு வடக்கே குடியமர்ந்த வண்ணார்களால் பெயர்பெற்ற பேட்டை அது.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இதையே சொற்போர்த் தலைப்பாகக் கொடுத்தேன். விடுதியில் தங்கிப் படிப்போர் சிலர், செல்பேசிச் செயலி மூலம் கிலோக் கணக்கில் துணியை அனுப்பிப் பெறுகிறார்கள். அது சோம்பல், ஊதாரித்தனம் என்று எதிரணி சாடிற்று. ஒரு மாணவர் காந்தியைத் துணைக்கு அழைத்தார். தென்னாப்பிரிக்காவில் சலவைச் செலவு கட்டுப்படியாகாமல் காந்தி தாமே துவைக்கக் கற்றதும், அவர் முதன்முதலில் கஞ்சி போட்ட காலர் நீதிமன்றத்தில் கஞ்சியை உதிர்த்ததும், சக வழக்கறிஞர்கள் நகைத்ததும் ‘சத்திய சோதனை’யில் உள்ள செய்திகள். கைதட்டல் பலமாக எழுந்தது.

அது அடங்கியதும் ஒரு மாணவி எழுந்தார். “ஐயா, பேசினவங்க போட்டிருக்கிற சட்டையை எல்லாம் யார் துவைச்சதுன்னு கேளுங்க.”

கேட்டேன். பெரும்பாலோரின் விடை ‘அம்மா’. சிலருக்கு அக்கா, சிலருக்குத் தங்கை. காந்தியைச் சொன்னவருக்கும் அம்மாதான். எழுந்து கேட்ட மாணவியோ, தம் இரு அண்ணன்மாரின் ஒரு வாரத் துணியை ஞாயிறுதோறும் துவைப்பவர். திங்கட்கிழமைத் தேர்வுக்கு அவர் புத்தகத்தைத் திறப்பதே மாலையில்தான்.

நம் விவாதம் பிழையாகத் தொடங்குவது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. காசு கொடுப்பதா, தன் கையால் துவைப்பதா என்று இரண்டு வழிகளை மட்டும் வைத்துப் பேசுகிறோம். வீட்டுப் பெண் கூலியின்றித் துவைப்பது என்ற மூன்றாவது வழி, பலரும் நடைமுறையில் கைக்கொள்வது, கணக்கில் வருவதேயில்லை. செலவில்லை என்பதால் அது சிக்கனம் என்றும், வெளியாள் இல்லை என்பதால் சுயசார்பு என்றும் பெயர் பெற்றுவிடுகிறது. வடசென்னையில் துவைப்பதென்பது முதலில் நீர் பிடிப்பது. அடிபம்பு, லாரி, குடங்களின் வரிசை. நகரின் நீர்த்தேக்கங்கள் வறண்ட 2019 கோடையை இங்குள்ள பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயர் நீதிமன்ற ஆணையால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நிற்கும்வரை, இராயபுரம் பக்கத்து மொட்டைமாடிக் கொடிகளில் காய்ந்த துணிமீது கரித்தூசி படிந்தது. மறுபடி துவைத்த கைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை.

புறநானூற்றின் 311ஆம் பாடலில், உவர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் ஒரு பெண்ணை ஔவையார் காட்டுகிறார். (உவர்மண்ணே அக்காலச் சோப்பு.) அவள் வெளுத்த ஆடை அழுக்குப்படத் தெருவில் அமர்ந்து பலர் குறை தீர்க்கும் தலைவனே பாட்டுக்கு உரியவன். அவளுக்கு என்ன கூலி என்பது பாட்டில் இல்லை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் அதற்கு விடை உண்டு. ஊராரின் துணியை வெளுக்கும் ஆரோக்கியம் பெறுவது இரவில் வாசல்தோறும் வாங்கும் சோறும் களத்தில் அள்ளிப் போடும் தானியமும். போட்டதை வாங்கிக்கொள்ளலாம், இவ்வளவு வேண்டும் என்று கேட்க இயலாது.

ஆகவே, சலவைக் கடையில் தொங்கும் விலைப்பட்டியலை நான் மரியாதையோடு பார்க்கிறேன். சட்டைக்கு இவ்வளவு, வேட்டிக்கு இவ்வளவு என்று எழுதி வைப்பது, பிறப்பால் வந்த கடமையாக இருந்ததைத் தொழிலாக மாற்றுகிறது. அந்த விலை முழுவதும் உழைப்பவரைச் சேர்ந்துவிடுகிறது என்று சொல்லவில்லை. இயந்திரத்தின் முன் நாள் முழுதும் நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் அது கேட்கக்கூடிய கேள்வியாகியிருக்கிறது. அம்மாவின் உழைப்புக்கு அந்தக் கேள்வியே இன்னும் எழவில்லை.

என் கருத்து இதுதான். ஆணாயினும் பெண்ணாயினும் கல்லூரிக்கு வந்த எவரும் தம் துணியைத் துவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளாடைகளை எக்காலத்திலும் தாமே துவைக்க வேண்டும். மற்றவற்றுக்குக் கையில் காசிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். பேரம் பேசாமல், கடன் சொல்லாமல், ‘வா, போ’ என்னாமல் கொடுக்க வேண்டும். காசில்லாதவர் வாளியை எடுக்கட்டும். அந்த மாணவியின் அண்ணன்மாருக்கும் இதுவே என் பரிந்துரை. ஞாயிற்றுக்கிழமையின் பகல் அவருக்குப் படிக்கத் தேவைப்படுகிறது.