பதினாறாவது பிறந்தநாளுக்கு மறுநாள்

மெல்பர்ன், ஆஸ்திரேலியா



2025 டிசம்பர் 10 முதல் இந்த நாட்டில் 16 வயது நிரம்பாத யாரும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், ட்விட்ச், கிக் ஆகிய பத்து தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. நாடு முழுவதற்குமாக இப்படியொரு சட்டம் உலகில் நடைமுறைக்கு வந்தது இதுவே முதல் முறை. இதைப் பிள்ளைகள் மீதான தடை என்றே பலரும் சொல்கிறார்கள். சட்டத்தின் வாசகம் அப்படியில்லை. மீறிக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைக்கு அபராதம் இல்லை, கண்டும் காணாமல் விட்ட பெற்றோருக்கும் இல்லை. வயது குறைந்தவர்களைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்குத்தான் தண்டனை, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பெற்றோர் சம்மதித்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விலக்கும் கிடையாது. பொறுப்பை வீட்டிலிருந்து எடுத்து நிறுவனத்தின் தலையில் வைத்ததற்காகவே இந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் உரிய ஆளைக் கூண்டில் நிறுத்திவிட்டு, அவரிடம் கேட்க வேண்டிய பெரிய கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறது என்பதும் என் எண்ணம். ஒரு பிள்ளை எந்த வயதில் உள்ளே நுழைகிறது என்பதை விட, உள்ளே அதற்கு என்ன நேர்கிறது என்பதே பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

இதுவரை நாம் பழகியிருந்த 13 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்கா 1998இல் இயற்றிய ஒரு சட்டம், 13 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களை இணையத்தில் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது. சம்மதம் வாங்கும் தொல்லையைத் தவிர்க்க, 13 நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று நிறுவனங்கள் எழுதிவைத்தன; பிறந்த தேதியைக் கேட்டு, சொன்னதை அப்படியே நம்பின. பிள்ளையின் மனம் எதைத் தாங்கும் என்ற ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல அது. 16 அதைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் பதினாறாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அந்தப் பிள்ளையின் கையில் கிடைப்பது அதே ஃபீட், அதில் எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அதே அல்காரிதம்.

அந்த அல்காரிதம் என்ன செய்யும் என்பது நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த மாலி ரஸல் என்ற சிறுமி 2017இல் தன் 14 வயதில் இறந்தாள். 2022இல் முடிந்த மரண விசாரணையில் அவளுடைய இன்ஸ்டாகிராம் பயன்பாடு அலசப்பட்டது. கடைசி ஆறு மாதங்களில் அவள் சேமித்த, பகிர்ந்த, விருப்பம் தெரிவித்த பதிவுகள் ஏறத்தாழ 16,300. அவற்றில் சுமார் 2,100 மனச்சோர்வு, தன்னைத்தானே வருத்திக்கொள்ளுதல், தற்கொலை பற்றியவை. எல்லாவற்றையும் அவள் தேடிப் போகவில்லை. கேட்காமலேயே சில வந்து சேர்ந்தன. மனச்சோர்வோடு இணையப் பதிவுகளின் தீய விளைவுகளும் சேர்ந்திருந்த நிலையில் அவள் இறந்தாள் என்று விசாரணை அதிகாரி முடிவு எழுதினார். வருத்தமாக இருக்கும் பிள்ளை வருத்தமான ஒன்றைச் சற்று நின்று பார்த்தால், அல்காரிதத்துக்கு அது விருப்பமாகத்தான் தெரிகிறது. உடனே அதைப் போல இன்னொன்று, அதைவிடக் கடுமையாக மற்றொன்று. 15 வயதில் கேடு செய்கிற இந்த வேலைமுறை 17 வயதில் மருந்தாகிவிடாது.

இதை மாற்றவே முடியாது என்றால் வாசலை அடைப்பது ஒன்றே வழி என்று ஒப்புக்கொள்ளலாம். மாற்ற முடியும் என்பதற்கு நிறுவனங்களே சாட்சி. பிள்ளைகள் பயன்படுத்தக்கூடிய எந்தச் சேவையையும் அவர்களின் நலனை முன்வைத்து வடிவமைக்க வேண்டும் என்ற பிரிட்டனின் நெறிமுறைக்குக் கெடு 2021 செப்டம்பர். அதற்கு முந்தைய வாரங்களில் நடந்தவற்றைக் கவனியுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆட்டோபிளேயைத் தானாகவே அணைத்துவைத்தது யூடியூப். 13 முதல் 15 வயதினருக்கு இரவு 9 மணிக்கு மேல் நோட்டிஃபிகேஷன் போகாது என்றது டிக்டாக். 16 வயதுக்குட்பட்டவர்கள் தொடங்கும் புதிய கணக்குகளைத் தனிப்பட்ட கணக்குகளாகவே திறந்தது இன்ஸ்டாகிராம். 2024 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் வயதுச் சட்டத்தை அறிவித்த அடுத்த வாரம், பதின்ம வயதினருக்கான கட்டுப்பாடுள்ள கணக்குகளை இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா அறிமுகப்படுத்தியது. அறிவியல் திடீரென வளர்ந்துவிடவில்லை. செய்ய முடிந்ததை, செய்ய வேண்டிய நெருக்கடி வந்தபோது செய்தார்கள்.

ஆஸ்திரேலியச் சட்டத்தின் ஓட்டையும் இங்கேதான். அது கணக்கைத் தடுக்கிறது, பார்ப்பதைத் தடுக்கவில்லை. லாக்-இன் செய்யாமல் யூடியூப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் தடையில்லை. ஆனால் கணக்கு போனதோடு, அந்தக் கணக்கின் வழியாகப் பெற்றோர் வைத்திருந்த கட்டுப்பாடுகளும் போய்விட்டன. யூடியூப் இதைச் சொன்னபோது அதில் சுயநலம் இருந்தது. சொன்னதில் உண்மையும் இருந்தது. விளையாட்டுத் தளமான ராப்லாக்ஸ், உரையாடல் செயலிகளான டிஸ்கார்ட், வாட்ஸ்அப் ஆகியவை தொடக்கப் பட்டியலில் இல்லை. முகம் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளோடு பேச்சுக் கொடுக்கும் இடங்கள் அவற்றிலும் உண்டு. பயனர்களைக் காக்கும் கடமையை நிறுவனங்கள் மீது சுமத்தும் தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாக 2024 நவம்பரில் அரசே அறிவித்தது. அதே மாதம் வயதுச் சட்டம், அறிமுகமான சுமார் ஒரே வாரத்தில், நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கடந்துவிட்டது. அது நடைமுறைக்கு வந்த நாளில் காக்கும் கடமை இன்னும் சட்டமாகாமல் இருந்தது. எளியதை முதலில் செய்ததில் தவறில்லை. அதோடு கடமை முடிந்ததென்று நினைத்தால்தான் தவறு.

பிள்ளைகள் எப்படியும் மீறுவார்கள், பிறகு சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் வாழும் இதே விக்டோரியா மாநிலம்தான் 1970இல் உலகிலேயே முதன்முதலாக சீட் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு இங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். வாகனங்கள் பலமடங்கு பெருகிய இந்தக் காலத்தில் அந்த எண்ணிக்கை 300ஐ ஒட்டியே இருக்கிறது. அன்றும் மீறியவர்கள் இருந்தார்கள். ஆனால் பெல்ட் ஒன்றே இதைச் சாதிக்கவில்லை. காரின் கட்டுமானமும் சாலையும் வேக வரம்பும் சேர்ந்து மாறின. அந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்தப் பகுதியைத்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு 2024 அக்டோபரில் வந்தது. 140க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களும் வல்லுநர்களும் அரசுக்குத் திறந்த மடல் எழுதினார்கள்: வயது வரம்பு மொட்டையான கருவி என்று. இணையத்தில் மட்டுமே துணை கிடைக்கும் பிள்ளைகளை அது தனிமைப்படுத்தும் என்பதும் மறுப்பாளர்களின் கவலை. தொலைதூரச் சிற்றூரில் மாற்றுத்திறனோடு வளரும் பிள்ளைக்கும், தன் பாலினத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்க முடியாத பிள்ளைக்கும் அந்தத் துணை அற்பமல்ல. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்துக்கு எதிரானதும் அல்ல: பேச இடம் வேண்டும், பின்தொடர்ந்து துரத்தும் பொறி வேண்டாம். அறிவியல் இன்னும் முடிவு சொல்லவில்லை என்பது இன்னொரு மறுப்பு. சமூக ஊடகமே இளையோரின் மனநலச் சரிவுக்குக் காரணம் என்று சமூக உளவியலாளர் ஜோனதன் ஹைட் தன் நூலில் வாதிட்டார். தரவுகள் அதைக் காட்டவில்லை என்று உளவியலாளர் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் நேச்சர் இதழில் எழுதினார். சண்டை சராசரியைப் பற்றியது. கோடிக்கணக்கான பிள்ளைகளின் சராசரியில் சிறிதாகத் தெரிகிற தீங்கு, ஏற்கெனவே நொந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு மிகப் பெரிதாக இருக்கலாம். இன்ஸ்டாகிராம் சில பதின்வயதுப் பெண்களுக்குத் தங்கள் உடலைப் பற்றிய மனக்குறையை அதிகமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வே கண்டிருந்தது; அங்கே பணியாற்றிய ஃபிரான்சஸ் ஹாகன் 2021இல் ஆவணங்களை வெளியே கொண்டுவந்ததால்தான் உலகுக்கு அது தெரிந்தது.

இனி இந்தியாவுக்கு வருகிறேன், காரணம் இருக்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியா விலக்கிவைத்த அதே சம்மதத்தை இந்தியா நடுவில் வைத்திருக்கிறது. அல்காரிதம் என்ன செய்யும் என்று யாரும் விளக்காத ஒரு தாயிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, நாளை தீங்கு நேர்ந்தால் நீங்கள்தானே சம்மதித்தீர்கள் என்று நிறுவனம் கைவிரிக்க அது வழிவிடும். ஆனால் அதே பிரிவில், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்ற தடையும் இருக்கிறது. நான் இந்த மடலில் கேட்டுக்கொண்டிருக்கும் வடிவமைப்புக் கடமைக்கு மிக அருகில் வரும் வாசகம் அது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. குழந்தைகளின் தரவைப் பாதுகாப்பான முறையில் கையாள்வதாக மத்திய அரசு ஏற்கும் நிறுவனத்துக்கு வயது வரம்பைத் தளர்த்தும் அதிகாரமும் சட்டத்தில் உண்டு. பாதுகாப்பானது என்பதை எந்தச் சோதனையால் நிறுவுவார்கள், அந்த முடிவைப் பெற்றோர் பார்க்க முடியுமா என்று இந்த 18 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும்.